மாலைக்கண் என்று நினைத்தோம்: பலதுறை மருந்தகமா, தனியாரா, சென்னையா?

என் தம்பிக்கு 23 வயது. கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரிவரை தடுமாறாமல் படிப்பான். ஆனால் திரையரங்கில் விளக்கை அணைத்த பிறகு உள்ளே போனால், இருக்கையைக் கண்டுபிடிக்க என் தோளைப் பிடித்துக்கொள்வான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். சிங்கப்பூரில் இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில், ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் இரவுப் பயிற்சி வரும்போதெல்லாம் முன்னால் போகிறவனின் பையைப் பிடித்தபடியே நடந்தானாம். இருட்டில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று யாரிடமும் சொல்லவில்லையாம். சேவை முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் இதை என்னிடம் சொன்னான்.

வீட்டில் உடனே வந்த சொல் மாலைக்கண். அம்மா தினமும் கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் சமைத்தார். ஊரிலிருந்து அத்தை, மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். ஒரு கண்ணாடிக் கடையில் லேசாகப் பவர் இருக்கிறது என்று கண்ணாடி போட்டுவிட்டார்கள். இப்படியே நான்கு மாதம் போனது. கடைசியில் தெரிந்தது, அவனுக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை விழித்திரை நோய்.

அந்த நான்கு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்செல்லாம் ஒன்றுதான்: எங்கே போய்க் காட்டுவது? அப்பா சென்னை என்றார். மாமா தனியார் நிபுணர் என்றார். நான் ஈசூனில் உள்ள அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம் என்றேன். இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று வழியையும் ஏதோ ஓர் அளவில் பார்த்துவிட்டோம். இதே மேசையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். நான் ஒப்பிடப்போவது மெதுவாக நகரும் நோய்களுக்கான வழிகளை. திடீரென்று வருவதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குழந்தையைப் புகைப்படம் எடுக்கும்போது ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுதான், ஆனால் காலம் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. இளைஞர் ஒருவருக்கு வலியே இல்லாமல் ஒரு கண்ணின் மையப் பார்வை மங்கி, சில வாரங்களிலோ மாதங்களிலோ அடுத்த கண்ணுக்கும் பரவினால், அம்மா வழியாக வரும் லெபர் பார்வை நரம்பு நோயை நினைக்க வேண்டும். மின்னல்போல ஒளி வெட்டி, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைத்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். இவை எதிலும் வழிகளை ஒப்பிட நேரம் கிடையாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, ஆர்.பி.க்கு வருவோம்.

விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் இரண்டு வகை. மங்கல் ஒளியில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். நிறமும் நுணுக்கமும் பார்க்க உதவுபவை கூம்பு செல்கள். ஆர்.பி.யில் பெரும்பாலும் முதலில் தேய்வது குச்சி செல்கள். அதனால் இரவுப் பார்வை முதலில் போகிறது, பிறகு பக்கப் பார்வை மெல்லச் சுருங்குகிறது. நடுவில் இருக்கும் கூம்பு செல்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். தம்பி பலகையைக் கடைசி வரிவரை படித்தது அதனால்தான். எழுத்துப் பலகை இந்த நோயைக் காட்டிக்கொடுக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம்.

தமிழில் இதை ‘விழித்திரை நிறமி அழற்சி’ என்று எழுதுகிறார்கள். 1857இல் டாண்டர்ஸ் என்ற டச்சு மருத்துவர் வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. ஆனால் இதில் அழற்சி எதுவும் மூலக் காரணம் இல்லை. பெயரைக் கேட்டதும் ‘அழற்சிதானே, மருந்து கொடுத்தால் அடங்கிவிடும்’ என்று எங்கள் சித்தி நம்பிக்கையோடு சொன்னது நினைவிருக்கிறது. இது மரபணுவில் உள்ள பிழையால் செல்கள் தேயும் நோய். ஆர்.பி.யோடு தொடர்புடைய மரபணுக்கள் மட்டும் 80க்கும் மேல். அதாவது ஒரே பெயரில் பல நோய்கள் இருக்கின்றன. எங்கே காட்டுவது என்ற கேள்விக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மருத்துவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ஆர்.பி. மாதிரியே தோன்றும் சில நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. உண்மையான வைட்டமின் ஏ குறைபாடு (குடல், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், உடல் எடை குறைக்கக் குடலில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் வரலாம்) வைட்டமின் கொடுத்தால் சரியாகும். ரெஃப்சம் நோயில் ஃபைட்டானிக் அமிலம் உடலில் சேர்கிறது, உணவுக் கட்டுப்பாடு உதவும். கைரேட் அட்ரஃபி என்னும் நோயில் ஆர்னித்தின் மிகுந்துவிடுகிறது, அதற்கும் உணவு முறை உண்டு. சிபிலிஸ் தொற்றும் விழித்திரையில் இதே போன்ற தோற்றத்தை உண்டாக்கலாம். சில மனநல மருந்துகளும் அப்படித்தான். அதனால் கண் பரிசோதனையோடு இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். ‘கண்ணுக்கு வந்தால் இரத்தம் எதற்கு’ என்று அப்பா சலித்துக்கொண்டார். குணமாகக்கூடிய ஒன்றை நழுவவிடாமல் இருக்கத்தான் அது.

காது கேட்பதையும் சோதிக்கச் சொல்வார்கள். அஷர் நோய்க்குறியில் ஆர்.பி.யும் செவித்திறன் குறைவும் சேர்ந்தே வரும். கூடுதல் விரலோடு பிறந்தது, சிறு வயதிலிருந்தே உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு ஆகியவை சேர்ந்திருந்தால் பார்டெட்-பீடல் என்று ஒன்று உண்டு. ஆகவே பிறந்தபோது கையில் ஆறு விரல் இருந்து எடுத்துவிட்டார்கள் என்பது போன்ற பழைய செய்தியை அற்பம் என்று நினைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்று வழிகளும் உண்மையில் எதைத் தருகின்றன

முதல் வழி, பலதுறை மருந்தகத்தில் தொடங்குவது. அங்கே மருத்துவர் பார்த்து, சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்துக்கோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ, டான் டோக் செங் மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார். சாஸ் என்னும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் உள்ள குடும்ப மருத்துவரும் இப்படி அனுப்பலாம். இந்தக் கடிதத்தோடு போனால்தான் நிபுணர் கட்டணத்துக்கு மானியம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானிய விகிதம் மாறும். நிரந்தரவாசிகளுக்குக் குடிமக்களைவிடக் குறைவு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

இதன் குறை எல்லாருக்கும் தெரியும், காத்திருப்பு. எங்களுக்கு முதல் சந்திப்புக்கே இரண்டரை மாதம். மானிய நோயாளி தனக்கு வேண்டிய மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் வேறு முகமாக இருக்கலாம். அம்மாவுக்கு அது மிகவும் சங்கடமாக இருந்தது. ‘போன தடவை பார்த்த பெண் டாக்டர் எங்கே?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஆனால் இந்த வழியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய மையத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஓசிடி என்னும் படம் விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும். விழிப்புலப் பரிசோதனை பக்கப் பார்வை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று வரைபடமாகத் தரும். இவை இரண்டும் இன்று பல இடங்களில் உண்டு. ஈஆர்ஜி மட்டும் அப்படியில்லை. குறைந்தது 20 நிமிடம் இருட்டறையில் உட்கார வைத்து, கீழ் இமையோரம் மெல்லிய இழை ஒன்றை வைத்து, ஒளி வெட்டும்போது விழித்திரை எவ்வளவு மின்சமிக்ஞையை எழுப்புகிறது என்று அளப்பார்கள். நோயாளி வெளியில் எதுவும் உணராத காலத்திலேயே ஈஆர்ஜி குறைந்திருக்கலாம். அன்றைக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடுவதால் சில மணி நேரம் எல்லாம் கூசும். கறுப்புக் கண்ணாடியும் கூட ஓர் ஆளும் வேண்டும். நான் ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். சின்ன வயதில் பாலர் பள்ளிக்கு அழைத்துப் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் கையை அப்படிப் பிடித்தேன்.

இரண்டாவது வழி, தனியார் நிபுணர். ஒரே வாரத்தில் பார்க்கலாம், அதே மருத்துவரை ஒவ்வொரு முறையும் பார்க்கலாம், கேள்வி கேட்க அரை மணி நேரம் கிடைக்கலாம். மானியம் எப்படியும் கிடைக்காத வேலை அனுமதிக்காரர்களுக்கு இது நல்ல தொடக்கமாகவே இருக்கக்கூடும். பயத்தில் தூக்கம் வராமல் தவிக்கும் குடும்பத்துக்கும் அந்த ஒரு வாரம் என்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாத் தனியார் மருந்தகங்களிலும் ஈஆர்ஜி இருக்காது. அதற்குப் பெரிய மையத்துக்கே அனுப்புவார்கள். அப்போது அங்கேயும் மானியம் இல்லாத நோயாளியாகத்தான் போய் நிற்க வேண்டும். பாதியில் மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் பெரும்பாலும் பலதுறை மருந்தகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஆயுள் முழுக்கக் கூடவே வரும் நோய்க்கு முதல் சந்திப்பின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வருடம் ஒருமுறை என்று வைத்தால்கூட இன்னும் 40 வருடச் சந்திப்புகள் இருக்கின்றன.

மூன்றாவது வழி, சென்னை அல்லது மதுரை. இதை ‘ஊர்ப் பாசம்’ என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978இல் டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் பரம்பரைக் கண் நோய்களை ஆராய்ச்சியோடு சேர்த்துப் பார்க்கிற இடங்கள். நம் போன்ற குடும்பங்கள்தாம் அங்கே ஆயிரக்கணக்கில் வருகின்றன. சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வெளிப்படும் நோய்களைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியமே அங்கில்லை. மருத்துவரிடம் அம்மாவும் அப்பாவும் தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்லலாம். செலவும் இங்குள்ள தனியாரைவிடக் குறைவு. நான்கு மணி நேரப் பயணம்தான்.

எனக்குத் தெரிந்து சென்னை வழியின் மிகப் பெரிய பலன் வேறொன்று. சொந்தக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பரம்பரை நோயில் நோயாளியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். எங்கள் தாத்தாவின் தங்கை பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தவர். சாயங்காலம் ஆனால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார், ‘அவளுக்கு மாலைக்கண்’ என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டார்கள். அவர் இறந்து 20 வருடம் ஆகிறது. அம்மாவும் அப்பாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. இந்த இரண்டு செய்தியும் சேர்ந்தபோதுதான் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குறை என்னவென்றால், சென்னை தருவது ஒரு நாள் படம். ஆர்.பி.யில் தெரிய வேண்டியது நோய் இருக்கிறதா என்பதோடு முடிவதில்லை, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. எந்த வேலைக்குப் படிப்பது, வாகன உரிமம் எடுப்பதா, எப்போது வெள்ளைக் கோல் பழகுவது என்பதெல்லாம் அந்த வேகத்தைப் பொறுத்தவை. விழிப்புல வரைபடத்தையும் ஓசிடியையும் வருடா வருடம் ஒரே வகைக் கருவியில் எடுத்து அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். இந்த வருடம் சென்னை, அடுத்த வருடம் தனியார், அதற்கடுத்து யாரோ சொன்ன இடம் என்று அலைந்தால் கையில் நிறையக் காகிதம் இருக்கும், ஒப்பிட முடியாது. சென்னையில் செய்யும் வெளிநோயாளிப் பரிசோதனைகளுக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பிலிருந்து எடுக்கவும் முடியாது.

இதனால்தான் என் முடிவு: வேர் இங்கே இருக்கட்டும். மானிய வழியில் ஒரே பெரிய மையத்தில் பதிவு வளரட்டும். சென்னை இரண்டாவது கருத்துக்கும், அங்குள்ள உறவினர்களைச் சோதிப்பதற்கும். தனியார், காத்திருக்கும் மாதங்களில் மனம் தாங்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை, அதுவும் கிடைக்கும் எல்லாப் படத்தையும் கோப்பாக வாங்கிக்கொண்டு. அப்பாவின் மனம் ஆறுவதற்காக நாங்கள் சென்னைக்கும் ஒருமுறை போய்வந்தோம். இங்கே சொன்னதையே அங்கேயும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா இரவில் தூங்கினார். அந்தப் பயணம் வீண் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

மரபணுப் பரிசோதனை செய்வதா, வேண்டாமா

எங்கே காட்டுவது என்பதைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ‘நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, மருந்தும் இல்லை, பிறகு மரபணுவைத் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்?’ என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. செலவும் பல நூறு சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கில் போகலாம்.

செய்யலாம் என்பதற்கு மூன்று காரணம் எங்களுக்குக் கிடைத்தது. ஒன்று, சிகிச்சைக்குத் தகுதி. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் லக்ஸ்டர்னா என்ற மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விழித்திரைக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். அறிமுகமானபோது இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விலை 8,50,000 அமெரிக்க டாலர். ஆனால் ஆர்பிஈ65 என்ற ஒரே மரபணுவின், அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு பிரதியிலும் பிழை உள்ளவர்களுக்கு மட்டுமே அது. ஆர்.பி. உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் அந்த மரபணு காரணம். உயிரோடுள்ள செல்கள் போதுமான அளவு மிச்சம் இருந்தால்தான் பலன், ஆகவே தாமதமும் தகுதியைக் கெடுக்கும். மற்ற மரபணுக்களுக்கான ஆய்வுகளும் இதே போல மரபணுவின் பெயரைக் கேட்டுத்தான் ஆள் சேர்க்கின்றன. பெயர் தெரியாதவருக்குக் கதவே திறக்காது.

இரண்டாவது, ஆபத்தைத் தவிர்க்க. ஏபிசிஏ4 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்கள் கூடுதல் வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிடக் கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள், அவர்கள் விழித்திரையில் கழிவு இன்னும் சேரும் என்பதால். ‘கண்ணுக்கு நல்லது’ என்று அத்தை பாசத்தோடு அனுப்பிய மாத்திரையை நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது, குடும்பம். ஆர்.பி. மூன்று விதமாக இறங்கும். ஒரு பிரதி பிழையே போதும் என்ற வகையில், பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பிரதியும் பிழையாக இருந்தால்தான் வரும் என்ற வகையில், பெற்றோருக்கு எதுவும் இருக்காது, பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்று. எக்ஸ் குரோமோசோம் வழியில் வந்தால் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் பாதிப்பு, சுமக்கும் பெண்களுக்கு லேசாகவோ சில நேரம் கூடுதலாகவோ. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் தம்பியின் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள் பற்றியெல்லாம் பேசுவது இருட்டில் நடப்பது மாதிரி.

வேண்டாம் என்பதற்கும் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. பரிசோதித்தவர்களில் ஒரு கணிசமான பகுதியினருக்கு விடையே கிடைப்பதில்லை. மாற்றம் இருக்கிறது, ஆனால் அது நோய்க்குக் காரணமா தெரியவில்லை என்ற விடையும் வரும். உலகத் தரவுத் தொகுப்புகளில் தெற்காசியர்களின் மரபணுக்கள் குறைவாகவே இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பமான விடை வர வாய்ப்பு கூடுதல். பெற்றோரின் இரத்தத்தையும் சேர்த்துச் சோதித்தால் பல நேரம் குழப்பம் தீரும். அதனால் அம்மா, அப்பா, தம்பி மூவரும் ஒன்றாகப் போவதே நல்லது. அதுவும் மரபணு ஆலோசகரைப் பார்த்த பிறகு. கடையில் விற்கும் எச்சில் பரிசோதனைப் பெட்டி இதற்கு உதவாது.

காப்புறுதி பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று நடப்பில் இருக்கிறது. காப்புறுதி எடுக்க வருபவரை மரபணுப் பரிசோதனை செய்துகொண்டு வா என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. அறிகுறி இல்லாத ஒருவர் முன்கூட்டியே செய்துகொண்ட பரிசோதனையின் முடிவை, குறிப்பிட்ட சில நோய்களும் பெரிய தொகைகளும் தவிர, பயன்படுத்தவும் முடியாது. ஆனால் அறிகுறி உள்ளவருக்கு நோயை உறுதிசெய்யச் செய்யும் பரிசோதனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதாவது தம்பிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்துக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் பொருந்தும் என்பது ஓர் ஆறுதல். அதற்குமேல் தனியார் திட்டம் எடுக்கும்போது இந்த நோயை விலக்கிவைக்கக்கூடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஆலோசகரிடம் நேராகக் கேளுங்கள்.

நாங்கள் செய்தோம். ஒரே மரபணுவில், இரண்டு பிரதியிலும் ஒரே பிழை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆர்பிஈ65 இல்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா தன்னையும் தன் கல்யாணத்தையும் குறை சொல்லி அழுதார். எந்தப் பெற்றோரும் தெரிந்து கொடுப்பதில்லை, நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில பிழைகள் உறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன என்று மரபணு ஆலோசகர் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு காரணத்துக்காகவாவது முடிவைக் கேட்கப் போகும் நாளில் பெற்றோரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

குணமாக்குகிறோம் என்று சொல்பவர்கள்

நோயின் பெயர் உறவினர்களுக்குத் தெரிந்த வாரத்திலேயே கைபேசியில் செய்திகள் குவியும். மூலிகைக் கண் சொட்டு, தலையில் எண்ணெய் நிறுத்தும் சிகிச்சை, குத்தூசி, ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுச் சிகிச்சை. பாசத்தில் அனுப்புகிறார்கள் என்பதால் யாரையும் கோபிக்க முடியவில்லை. எண்ணெய்ச் சிகிச்சை உடம்புக்கு இதமாக இருக்கலாம். ஆனால் தேயும் செல்களை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

ஸ்டெம் செல் விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகவே இருக்கிறேன். 2017இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த செய்தி இது: ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள், வேறொரு விழித்திரை நோய்க்காக, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். மூவரும் கடுமையாகப் பார்வை இழந்தார்கள். முறையான ஆய்வு பெரும்பாலும் நோயாளியிடம் பணம் கேட்பதில்லை, இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடுவதும் அரிது. இந்த இரண்டையும் கேட்டுப்பார்த்தாலே பல விளம்பரங்கள் கழிந்துவிடும்.

வைட்டமின் ஏ பற்றி ஒரு வார்த்தை. 1993இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, நாளுக்கு 15,000 யூனிட் எடுத்தால் நோய் சற்று மெதுவாகும் என்றது. அதே ஆய்வில் வைட்டமின் ஈ கெடுதல் செய்வதாகவும் தெரிந்தது. பிற்காலத்தில் தரவுகளை மீண்டும் அலசியபோது வைட்டமின் ஏயின் பலனும் தெரியவில்லை. அதிக அளவு கல்லீரலுக்கும், கருவுற்ற பெண்ணின் சிசுவுக்கும் ஆபத்து. கேரட், கீரை, மீன் எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும். மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும்.

அதே சமயம் ‘இதற்கு ஒன்றுமே செய்ய முடியாது’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர்களையும் நம்ப வேண்டாம். ஆர்.பி. உள்ள பலருக்குப் பார்வையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்ளும். டோர்சோலமைடு சொட்டு மருந்தோ அசெட்டசோலமைடு மாத்திரையோ அதைக் குறைக்கலாம். கண்புரை இளம் வயதிலேயே வரும், அறுவை செய்தால் தெளிவு கூடும். இரண்டும் வருடாந்திரச் சந்திப்பில்தான் கண்ணில் படும். ஒரே மையத்தில் தொடர்ந்து பார்க்கச் சொல்வதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

கால்டிகாட் எம்ஆர்டி பக்கத்தில், தோ பாயோ ரைஸில் உள்ள பார்வையற்றோர் சங்கத்துக்கும் போனோம். 1951இலிருந்து இருக்கும் அமைப்பு. பார்வை முழுக்கப் போன பிறகு போகும் இடம் என்று நினைத்துத் தம்பி வர மறுத்தான். பார்வை நன்றாக இருக்கும்போதே நடமாட்டப் பயிற்சியும் திரை வாசிப்பு மென்பொருளும் பழகினால் பின்னால் பதற்றம் இல்லை என்று நான் வற்புறுத்தினேன். இப்போது இரவு வேலை முடிந்து வரும்போது மடக்குக் கோல் பையில் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் புளோக் வரை அதை விரிக்கிறான்.

எனக்கு நோய் இல்லை. ஈஆர்ஜி சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. வீட்டில் மாமா மகனோடு கல்யாணப் பேச்சு எடுத்திருந்தார்கள், அதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன். குடும்பத்தில் உள்ள பிழை எது என்று தெரிந்துவிட்டதால் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கும் பரிசோதனை போதும். முழுப் பரிசோதனையைவிட மலிவு, விரைவு. முடிவுக் கடிதத்தின் நகலை ஊரில் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவருடைய மகளுக்கு 11 வயது, மாலையில் மாடிப்படியில் தடுமாறுகிறாளாம். கடிதத்தோடு அடுத்த மாதம் மதுரைக்குக் கூட்டிப்போகிறார்கள்.